கராஜ் அறையின் மூன்றாவது சுவர்

நானுஓயா,
14 ஜனவரி 2024

அன்புள்ள தங்கை டோரீனுக்கு,

அண்ணன் இக்னேசியஸ் எழுதுவது. மூட்டு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. பனி குறைந்தால் அதுவும் குறையும். உனக்கு எப்படி இருக்கிறது? வத்தளை வெக்கையில் தலைசுற்று வருகிறது என்றாயே, மருந்து எடுத்தாயா?

போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். இனிக் கடிதம்தான் என்று நீயே சொன்னாய். நல்லதுதான். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தே ஆக வேண்டும்.

உங்கள் மாணவியர் விடுதியை ஜூன் முடிவில் மூடுகிறார்கள், மேட்ரன் அறையையும் நீ ஒப்படைக்க வேண்டும் என்று போனில் சொன்னாய். அதற்குப் பிறகு நீ எங்கே இருப்பாய் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? இங்கேதான். காரை விற்றபிறகு கராஜில் விறகும் பழைய பரீட்சைத் தாள்களும்தான் கிடக்கின்றன. வீதியோடு சமமாக இருப்பதால் படி ஏற வேண்டாம். உன் முழங்காலுக்கு அதுவே சரி. ஜூனுக்குள் அதை அறையாக்கிவிடுவேன்.

நான்கு சுவரில் ஒன்று நல்ல கல் சுவர். மற்ற மூன்றுக்கும் வேலை இருக்கிறது. முதலாவது, மேட்டுப் பக்கச் சுவர்; மழைக்கு ஈரம் கசியும். இரண்டாவது, வீதிப் பக்கத்து ஷட்டர். அதைக் கழற்றிச் சுவர் எழுப்ப வேண்டும். மூன்றாவது, என் அறைக்கும் கராஜுக்கும் நடுவிலுள்ள பழைய பலகைத் தடுப்பு, உளுத்துவிட்டது. மேட்டுப் பக்கத்துக்கும் நடுவுக்கும் பிளாஸ்டர்போர்ட் போடலாம் என்று இறம்பொடையிலிருந்து கட்டட வேலைக்கு வரும் பிரதாப் பாஸ் சொல்கிறான். அது என்ன என்று கேட்பாய். கிறீம் பிஸ்கட்டை நினைத்துக்கொள். நடுவில் கிறீமுக்குப் பதிலாக ஜிப்சம், இரண்டு பக்கமும் பிஸ்கட்டுக்குப் பதிலாகத் தடித்த கடதாசி. அவ்வளவுதான். சாதாரணம், ஈரம் தாங்கும் பச்சை, சத்தம் தடுக்கும் தடித்தது என்று பல வகை உண்டாம்.

மூன்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் விடை எழுதவும்.

1. ஜன்னல் வீதிப் பக்கமா, தோட்டப் பக்கமா?
2. நடுச்சுவருக்கு எந்த போர்ட்?
3. எந்தத் திகதியில் வருகிறாய்?

அன்புடன்,
அண்ணன்


வத்தளை,
2 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடுகிறேன். தலைசுற்றுக்கு மாத்திரை வாங்கினேன். அது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, அல்லது நினைவு வந்த அன்று இரண்டாகப் போடுகிறீர்களா?

அனுப்பிய தேயிலை கிடைத்தது. பிள்ளைகளுக்கும் போட்டுக் கொடுத்தேன். “மேட்ரன், இது தேத்தண்ணின்னா, அப்ப நம்ம இவ்வளவு நாளா குடிச்சது என்னா?” என்று சர்மிளா கேட்டாள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, வாய் அதிகம்.

போர்ட் பற்றி என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? முப்பத்தொரு வருடமாகக் கொங்கிரீட் சுவருக்குள் இருக்கிறேன். எனக்காக வீட்டை உடைத்துச் சிரமப்பட வேண்டாம். மற்றக் கேள்விகளுக்குப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
டோரீன்


நானுஓயா,
11 பெப்ரவரி 2024

அன்புள்ள டோரீனுக்கு,

பெட்டியில் இருக்கும் மாத்திரை பெட்டிக்குத்தான் நல்லது. முதலில் அதைப் போடு. நான் நலம். முழங்காலில் சின்னக் கட்டு ஒன்று. தகரம் கீறியது, வேறொன்றுமில்லை.

கேள்வித்தாளையே திரும்ப எழுதி வைத்துவிட்டு எழுந்து போகிற பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவர் இருப்பார்கள். உன் கடிதம் அப்படித்தான் இருந்தது. பரவாயில்லை.

உன் கடிதம் வருமுன்பே நான் நுவரெலியாவுக்குப் போய் ஹார்ட்வேயார் முதலாளியிடம் வகைக்கு ஒரு துண்டு கேட்டேன். “மாஸ்டர் மஹத்தயா, ஒக்கோம எகய்” என்றார். எல்லாம் ஒன்றேயானால் எதற்காக மூன்று விலை என்று சிங்களத்திலேயே கேட்டேன். சிரித்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மூன்று துண்டையும் மேட்டுப் பக்கச் சுவரில் சாய்த்து வைத்தேன். ஆறாம் வகுப்பில் ஈரப் பஞ்சில் அவரை விதை வைப்போமே, அதே மாதிரி. ஒன்பதாம் நாள் சாதாரண போர்ட்டின் அடி, தேநீரில் நனைத்த பாண் துண்டைப்போல் உப்பிவிட்டது. பச்சை அப்படியே நின்றது.

பிரதாப்பைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறான்: “சேர், துண்ட நனைச்சா நனையத்தான் செய்யும். முழு போர்டா அடிச்சா ஒண்ணும் ஆகாது. கொழும்புல எல்லா வீட்லயும் இதுதான்.”

“கொழும்புல மேடு எங்கடா இருக்கு?”

“அது இல்லதான்” என்றான்.

பச்சை போர்ட்டுக்குச் சொல்லிவிட்டேன். இத்தாலியிலிருந்து என் மகன் ஜூட்சன் தினமும் ஒரு சுவரின் படத்தை அனுப்பி இப்படிச் செய்யுங்கள் என்கிறான். ஆளுக்கொரு யோசனை இருக்கிறது. அந்த அறையில் இருக்கப்போகிற ஆளிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை. மூன்று கேள்விகளும் அப்படியே நிற்கின்றன.

அன்புடன்,
அண்ணன்


வத்தளை,
5 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தவக்காலம் நடக்கிறது. மீனும் இறைச்சியும் இல்லாமல் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் கட்டு அவிழ்த்தாயிற்றா? தகரக் கீறல் என்றால் ஊசி போட வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. நீர்கொழும்பில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன். முடிவு எதுவும் இல்லை, பெயர் மட்டும்தான். போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு மணி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் என்ன வரப்போகிறது? அதை மட்டும் எழுதுங்கள்.

தங்கை,
டோரீன்


நானுஓயா,
13 மார்ச் 2024

டோரீனுக்கு,

ஊசி போட்டாயிற்று. மற்றபடி உடம்பு சுகம், மனதுதான் சரியில்லை.

முதியோர் இல்லமா? அண்ணன் என்று ஒருவன் இருக்கும்போது? கோபிக்கக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் கோபம் வராது என்று யார் உனக்குச் சொன்னது?

யோசித்துப் பார்த்தேன். உன் தயக்கம் எனக்குப் புரிகிறது. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் நமக்கும் பக்கத்து வீட்டுக் காளியாயி அக்காவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைக்கூடத் தொடவில்லை. அவர்கள் வீட்டில் வெங்காயம் வதக்கினால் நமக்குக் கண் எரியும். அவர் கணவர் குடித்துவிட்டுச் சம்பள நாளில் பேசிய பேச்செல்லாம் நம் காதில்தான் விழுந்தது. நீ காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாய். “எனக்குன்னு ஒரு வீடு வந்தா அதுல ஊசி விழுந்தாலும் வெளிய கேக்கக் கூடாது” என்று சொன்னவள் நீ. எனக்கு மறக்கவில்லை. இப்போது வயதான அண்ணனின் இருமலையும் ரேடியோவையும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டுமோ என்று பயப்படுகிறாய்.

ஆகவே கேள். நடுவில் ஒன்றையொன்று தொடாத இரண்டு தகரச் சட்டங்கள். நடுவில் மெத்தைபோல் கல்பஞ்சு. இரண்டு பக்கமும் தடித்த போர்ட் இரண்டிரண்டாக. இரண்டு கம்பளிக்கு நடுவில் தலையணை வைத்த மாதிரி. எந்தச் சத்தமும் வராது. இது உன் அண்ணன் பொறுப்பு.

இல்லத்துக்குக் கொடுத்த பெயரைத் திருப்பி வாங்கு.

அண்ணன்


நானுஓயா,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள டோரீனுக்கு,

ஐந்து வாரமாகிவிட்டது. பெரிய வெள்ளி போனது, உயிர்த்த ஞாயிறு போனது, சித்திரை வருடப் பிறப்பும் போனது. உன்னிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. நம் ஒப்பந்தத்தை மீறி இரண்டு முறை போன் எடுத்தேன். இரண்டு முறையும் ஒரு பிள்ளை எடுத்து, “மேட்ரன் தூங்குறாங்க சேர், நல்லா இருக்காங்க” என்றாள். பகல் பதினொரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நீ சுகமாக இருந்தால் அதுவே போதும்.

இங்கே நடந்ததைக் கேள். பச்சை போர்ட்டுக்குச் சொன்னேன் அல்லவா? லொறியில் வந்தது சாதாரணம். அன்று நான் ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தேன். பிரதாப் பில் கடதாசியைப் பார்க்காமல் இறக்கி, மேட்டுப் பக்கச் சுவரில் இடைவெளியும் விடாமல் அடித்து, பூசியும் விட்டான். கேட்டால், “சேர் வர்றதுக்குள்ள முடிச்சிக் காட்டுவோம்னு பாத்தேன்” என்கிறான். இரண்டு வாரத்தில் பூஞ்சணம். சுவர் முழுவதும் மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளி. முதலாளியிடம் சண்டை, பிரதாப்பிடம் சண்டை, எனக்குப் பிரஷர். கழற்றி எறிந்துவிட்டுப் பச்சை போர்ட்டை இரண்டு அங்குல இடைவெளி விட்டு அடித்தோம். அடிக்காமல் மிஞ்சிய நாலு சாதாரண போர்ட்டுகளை முதலாளி திருப்பி எடுக்கவில்லை. விறகுக்குப் பக்கத்தில் படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஆனால் நடுச்சுவர் முடிந்தது. சொன்னபடியே, இரட்டைச் சட்டம், கல்பஞ்சு, நான்கு போர்ட். நேற்று சோதித்தேன். உன் கட்டில் வரும் இடத்தில் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, என் கட்டிலில் போய்ப் படுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, டோரீன். இந்தக் கராஜில் எனக்கு முழுத் திருப்தி தந்த ஒரே வேலை இதுதான். நீ அங்கே என்ன செய்தாலும் இந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது.

இனியாவது ஜன்னலையும் திகதியையும் எழுது. வீதிப் பக்கச் சுவர் உன் விடைக்காகத்தான் காத்திருக்கிறது.

அண்ணன்


வத்தளை,
4 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கையில் சின்னச் சுளுக்கு. அதனால் நான் சொல்லச் சொல்லச் சர்மிளா எழுதுகிறாள். அவளுடைய எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் பிரஷர் இறங்கியதா?

எனக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் நாள் போய்விட்டது. அந்த அறைக்கு என்னால் வர முடியாது. இல்லத்தில் ஜூலை முதலாம் திகதி இடம் இருக்கிறதாம். கராஜ் அறையை வாடகைக்குக் கொடுங்கள், அல்லது அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள்.

அம்மாவுக்கு இழுப்பு வந்த அன்று சுவரில் தட்டினது காளியாயி அக்காவா, அம்மாவா? அக்கா இப்போது இருக்கிறார்களா?

தங்கை,
டோரீன்


நானுஓயா,
12 மே 2024

டோரீனுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுளுக்கு எந்தக் கையில்? எண்ணெய் போட்டுத் தடவினார்களா?

நான்கு மாதம், டோரீன். இந்த வயதில் தகரத்தையும் போர்ட்டையும் தூக்கிக்கொண்டு நின்றது எதற்காக? அறையில் என்ன குறை என்று சொல். ஈரம் என்றாய் என்றால் மாற்றிவிட்டேன். படி என்றாய் என்றால் படியே இல்லை. சத்தம் என்றாய் என்றால் சத்தமே இல்லை. கணக்குத் தவறு என்று மட்டும் சொல்லி, எந்த வரியில் தவறு என்று சொல்லாமல் கொப்பியைத் திருப்பி எறியும் ஆசிரியரைவிட மோசமாக நடந்துகொள்கிறாய். நான் எந்தப் பிள்ளைக்கும் அப்படிச் செய்ததில்லை.

நீ கேட்டதற்கு விடை: தட்டியது அம்மா. நாம் இருவரும் பள்ளிக்கூடத்தில், அப்பா மலையில் வேலையில். அம்மாவுக்கு மூச்சு இழுத்து, கூப்பிடக் குரல் வரவில்லை. அடுப்பு ஊதுகிற குழலை எடுத்துச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினார். காய்ச்சலால் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த காளியாயி அக்கா ஓடிவந்து, முதுகில் சுமந்துகொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் அம்மா நம்மோடு இருந்தார். அக்கா இறந்து ஆறு வருடமாகிறது. மகள் மீனம்மா அதே லயத்தில் இருக்கிறாள்.

இதை எதற்காகக் கேட்டாய் என்று எனக்கு விளங்கவில்லை. வராததற்குக் காரணத்தை எழுது. ஒரு வரி போதும். உன் கையால் எழுது.

அண்ணன்


வத்தளை,
21 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இது என் எழுத்துத்தான். கோணலாக இருக்கும், நேற்றுத்தான் மாவுக்கட்டு அவிழ்த்தார்கள். வலது மணிக்கட்டு. சுளுக்கு இல்லை, முறிவு. இப்போது வலி குறைவு, பயப்பட வேண்டாம்.

மார்ச் 16, சனிக்கிழமை. பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் குளியலறையில் தலை சுற்றி விழுந்தேன். எழும்ப முடியவில்லை. போன் கட்டிலில் கிடந்தது. கத்திப் பார்த்தேன். பிறகு இடது கையால் செருப்பை எடுத்துச் சுவரில் தட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சமையற்கார ஜீவராணி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். லயத்தில் அன்று தட்டியது யார் என்று நினைவு வரவில்லை, மூன்று தட்டு என்பது மட்டும் நினைவிருந்தது; மூன்று மூன்றாகத் தட்டினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்னைக் காணவில்லை என்று அவளே தேடி வந்தாள். “தட்டுனீங்களா மேட்ரன்? நான் இந்தப் பக்கம்தானே உக்காந்து அரிசி பொடைச்சிக்கிட்டு இருந்தேன். ஒண்ணுமே கேக்கலையே” என்று அழுதாள். அவள் மேல் குற்றமில்லை. நல்ல சுவர். ஒன்பது அங்குலம்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளைத் தடுத்தது நான்தான். சொன்னால் அந்த மூட்டோடு பஸ் ஏறி வந்திருப்பீர்கள்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தைச் சர்மிளா கட்டிலோரம் உட்கார்ந்து வாசித்தாள். ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தும் கேட்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஊசி விழுந்தாலும் கேட்கக் கூடாது என்று சொன்னவள் நான்தான். அப்போது எனக்குப் பதினாறு வயது.

அந்தச் சுவரைப் பற்றி நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

தங்கை,
டோரீன்


நானுஓயா,
2 ஜூன் 2024

என் அன்புத் தங்கைக்கு,

கையைப் பாரமில்லாமல் வைத்துக்கொள். தலைசுற்றுக்கு டொக்டர் என்ன சொன்னார் என்பதை இனி மறைக்காமல் எழுது. நான் சுகம்.

கேள்வியை இரண்டு தரம் வாசி, பிறகு விடை எழுது என்று முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நடுவில் என்ன வரப்போகிறது, அதை மட்டும் எழுதுங்கள் என்று மார்ச்சில் நீ கேட்டாய். கட்டிலுக்குப் பக்கத்தில் மணி இருக்கிறது என்றும் எழுதினாய். நான் ஒரு தரம்கூட ஒழுங்காக வாசிக்கவில்லை.

பிரதாப்பைக் கூப்பிட்டு நடுச்சுவரைக் கழற்றச் சொன்னேன். “சேர், பெயின்ட் இன்னும் ஒழுங்கா காயக்கூட இல்லையே” என்று தலையில் கை வைத்தான். உன் கடிதத்திலிருந்து அந்தச் சனிக்கிழமையை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவன் ஸ்குரூவைக் கழற்றத் தொடங்கினான். இரண்டு பக்கத்துத் தடித்த போர்ட்டுகளையும் கல்பஞ்சையும் எடுத்தோம். இரண்டு சட்டத்தில் ஒன்றை எடுத்தோம். படங்குக்குள் கிடந்த சாதாரண போர்ட் ஞாபகமிருக்கிறதா, முதலாளி திருப்பி எடுக்காதது? நடுச்சுவருக்கு மேட்டு ஈரம் வராது. ஒரே சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக அதையே அடித்தோம். நடுவில் வெறும் காற்று. மேளத்தை நினைத்துக்கொள்.

பிறகு பிரதாப்பை உன் கட்டில் வரும் இடத்தில் தரையில் படுக்க வைத்து, இடது கையில் செருப்பைக் கொடுத்தேன். நான் என் கட்டிலில் படுத்து, ரேடியோவையும் போட்டுக்கொண்டேன். மூன்று தட்டு. கேட்டது. மெதுவாகத் தட்டச் சொன்னேன். கேட்டது. விரலால் தட்டச் சொன்னேன். அதுவும் கேட்டது. கடைசியில், “இந்த மாஸ்டர்கிட்ட படிச்ச புள்ளைங்க பாவம்” என்று அவன் தனக்குள் சொன்னதும் கேட்டது. சோதனையில் சித்தி, நூற்றுக்கு நூறு.

நானும் ஒன்றை மறைத்தேன். பெப்ரவரியில் என் முழங்காலைத் தகரம் கீறவில்லை. கராஜ் வாசலில் விழுந்துவிட்டேன். அன்று பிரதாப் இருந்தான், தூக்கி உட்கார வைத்தான். அவன் வராத நாளாக இருந்திருந்தால் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

இனி நான் வற்புறுத்தமாட்டேன். இல்லத்தில் மணி இருக்கிறது, கன்னியாஸ்திரிகள் இருக்கிறார்கள். இங்கே இந்த போர்ட்டும் அதற்கு இந்தப் பக்கம் நானும்தான். முடிவு உன்னுடையது.

அன்புடன்,
அண்ணன்


வத்தளை,
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கை தேறிவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். தலைசுற்று இரத்தக் குறைவாம்; மாத்திரை இப்போது பெட்டியில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. விழுந்ததை மறைத்தது பற்றி நேரில் பேசுவோம். அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தலாம்.

ஜனவரியில் கேட்ட கேள்விகளுக்கு விடை:

1. வீதிப் பக்கம். ஆள் நடமாட்டம் தெரிய வேண்டும்.
2. சாதாரணம்.
3. ஜூன் 29, சனிக்கிழமை, காலை ரயில். சர்மிளா கூட வருகிறாள். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், பிரதாப்பை அனுப்புங்கள்.

மூன்று தட்டு என்றால் ஓடி வாருங்கள். ஒரு தட்டு என்றால் ரேடியோவைக் குறையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்தும் தட்டலாம்.

திருஇருதயப் படத்தைக் கல் சுவரில் மாட்டிக்கொள்கிறேன். நடுச்சுவரில், என் கட்டிலிலிருந்து இடது கை எட்டும் இடத்தில், ஆணி எதுவும் அடிக்க வேண்டாம். அந்த இடத்தைச் சும்மா விடுங்கள்.

தங்கை,
டோரீன்